கதவு பிடிக்கிற பெண்கள்

“ஒரு சிலகா போடறதுக்கு டெக்னாலஜி எதுக்கும்மா? ஹார்டுவேர் கடையில கேட்டா எடுத்துக் குடுக்கப்போறான்.”

எங்கள் பள்ளியின் ஹெச்.எம். மேடம் இப்படிக் கேட்டபோது நான் ஒன்பதாம் வகுப்பில் இருந்தேன். பெங்களூரில் நாங்கள் சிலகா என்று சொல்வது தாழ்ப்பாளை. மேடம் சிவாஜிநகரில் வளர்ந்தவர், தமிழ் நன்றாகப் பேசுவார். கோபம் வந்தால் மட்டும் கன்னடம். அன்று தமிழில் கேட்டதால் இது கோபம் இல்லை, சந்தேகம்தான் என்று புரிந்துகொண்டேன். அட்டையில் செய்த ஒரு தாழ்ப்பாளைக் கையில் வைத்துக்கொண்டு அவர் மேஜைக்கு முன்னால் நின்றேன். பக்கத்தில் என் தோழி. அவள் எனக்குப் பின்னால் ஒளியப் பார்த்தாள். என்னை விட உயரம் என்பதால் முடியவில்லை.

எங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு வந்ததும் மூன்றாம் மொழியாக இந்தி படிக்கலாம், அல்லது அதற்குப் பதிலாக ஒரு தொழில் பாடம் எடுக்கலாம். எங்களுக்குக் கிடைத்தது தொழில்நுட்பமும் வடிவமைப்பும். பெயர் நீளம் என்பதால் ‘லேப்’ என்றே சொல்வோம். பெரும்பாலான பெண்கள் இந்தியை எடுத்தார்கள். மனப்பாடம் செய்தால் தேறிவிடலாம். நான் லேப் எடுத்தேன். எடு என்று சொல்லவோ வேண்டாம் என்று தடுக்கவோ வீட்டில் யாருக்கும் அதைப் பற்றித் தெரியாது. அப்பா பெயின்டர். அம்மாவுக்கு ஒரு ஐ.டி. கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலை. இருவரும் பள்ளிக்கூடம் போனதில்லை. அக்கா ஏழாவதோடு நின்றுவிட்டு கார்மென்ட்ஸில் தைக்கிறாள். எங்கள் ஆஸ்டின் டவுன் வீட்டிலிருந்து உயர்நிலைப் பள்ளிக்குள் போன முதல் ஆள் நான். அதில் எனக்குப் பெருமை உண்டு. அதை மறைத்துக்கொள்கிற பழக்கம் எனக்கு இல்லை.

லேப் என்பது மாடியின் கடைசி அறை. சுவரில் அளவு வாரியாக ஸ்பேனர்கள் தொங்கும். மூலையில் ஒரு 3டி பிரிண்டர், மேலே பழைய துப்பட்டா போர்த்தியிருக்கும். அதிகாரிகள் யாராவது பார்வையிட வந்தால் அவர்கள் பெயரைச் சாவிக்கொத்தாக அச்சிட்டுக் கொடுப்பதுதான் அதுவரை அது பார்த்த வேலை. மேஜை டிராயரில் ஒரு ஸ்க்ரூ கேஜ் இருந்தது. ஒரு முடியின் பருமனைக்கூட அளக்கலாம் என்று லேப் மிஸ் சொன்னதும் நான் முதலில் அளந்தது என் முடியைத்தான். அதற்குப் பிறகு தோழியின் முடியை. அவளுடையது தடிமன். ஒரு வாரம் அவள் அதைச் சொல்லிச் சொல்லியே திரிந்தாள்.

லேப் மிஸ் இளம் வயது. எதையும் சட்டென்று ‘நல்லா இருக்கு’ என்று சொல்லிவிடமாட்டார். வருடத்துக்கு ஒரு ப்ராஜெக்ட் செய்ய வேண்டும், அதற்கு மதிப்பெண் உண்டு. முதல் வகுப்பிலேயே சொன்னார்: “யூடியூப்ல இருக்கறத செய்யாதீங்க. உங்களுக்கே தினமும் தொல்லை குடுக்கற ஒண்ணை எழுதிட்டு வாங்க.”

மறுநாள் பாதி வகுப்பு, கை நீட்டினால் தானாகத் திறக்கும் குப்பைத் தொட்டி என்று எழுதிக்கொண்டு வந்தது. யூடியூபில் இருப்பதுதான்.

“குப்பைத் தொட்டி மூடியத் தெறக்கறது உனக்கு தினமும் தொல்லையா?” என்று மிஸ் ஒருவனைக் கேட்டார்.

“இல்ல மிஸ். ஆனா மாடல் சூப்பரா இருக்கும் மிஸ்.”

நானும் தோழியும் எழுதியது ‘பெண்கள் கழிப்பறைக் கதவு’. மிஸ் அதை உரக்கப் படித்தார். பையன்கள் சிரித்தார்கள். பெண்களில் ஒருத்திகூடச் சிரிக்கவில்லை.

எங்கள் பள்ளியில் பெண்கள் கழிப்பறை தனிக் கட்டடம், விளையாட்டு மைதானத்தின் ஓரம். எந்தக் கதவிலும் உள்ளே தாழ்ப்பாள் கிடையாது. கைப்பிடி இருந்த இடத்தில் ஒரு வட்டமான ஓட்டை, அதில் ஒரு கயிறு. கதவு உள்பக்கமாகத் திறக்கும். அதனால் உள்ளே ஒருத்தி போனால் வெளியே ஒருத்தி கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். முதல் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை எல்லாப் பெண்களும் இப்படித்தான் போய்வந்தோம். ‘கதவு பிடிக்க வர்றியா?’ என்பது எங்களிடையே தினமும் கேட்கப்படும் கேள்வி. யார் யாருக்குப் பிடிப்பாள் என்பதை வைத்தே யார் யாருக்குத் தோழி என்று சொல்லிவிடலாம். பிடிக்கிறவளோடு சண்டை என்றால் வீடு போகும்வரை அடக்கிக்கொள்ள வேண்டியதுதான். அதனால் பலர் காலையிலிருந்து தண்ணீரே குடிக்கமாட்டார்கள். கயிற்றைப் பிடித்துக்கொண்டே வேடிக்கை பார்த்துப் பாதியில் விட்டுவிடுகிறவர்களும் உண்டு. அவர்களை அடுத்த தடவை யாரும் கூப்பிடமாட்டார்கள்.

அக்காவும் இதே பள்ளிதான். நான் எடுத்திருக்கும் ப்ராஜெக்ட்டைச் சொன்னபோது அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

“அந்தக் கதவு இன்னும் அப்படியேதான் இருக்கா?” என்றாள்.

“அப்படியேதான்.”

“நான் ஸ்கூலை விட்டு நின்னது எதுக்குன்னு நெனச்ச?”

“கணக்கு வரலன்னுதானே சொன்ன?”

“கணக்கும் வரல. வயசுக்கு வந்தப்புறம் அந்த நாள்ல எல்லாம் ஸ்கூலுக்குப் போகமாட்டேன். மாசத்துக்கு நாலு நாள் போகலன்னா கணக்கு எங்கேருந்து வரும்? கேக்கறவங்ககிட்ட கணக்குன்னு சொன்னா வேலை முடிஞ்சுது. கதவுன்னு போய் யாருகிட்ட சொல்றது?”

சொல்லிவிட்டு ரசம் ஊற்றச் சொல்லித் தட்டை நீட்டினாள். அக்கா அழவில்லை, நானும் அழவில்லை. ஆனால் அதன்பிறகு அந்தத் தாழ்ப்பாள் எனக்கு வெறும் மதிப்பெண்ணுக்கான ப்ராஜெக்ட்டாக இல்லை. எப்படியும் அதைப் போட்டுவிட்டுத்தான் பள்ளியை விட்டுப் போவது என்று முடிவு செய்தேன்.

அதற்காகத்தான் ஹெச்.எம். அறை. கடையில் கிடைக்கும் தாழ்ப்பாளுக்கு டெக்னாலஜி எதற்கு என்று கேட்டவர், பதிலுக்குக் காத்திராமல் காரணத்தையும் சொன்னார். முன்பு எல்லாக் கதவிலும் கடைத் தாழ்ப்பாள்தான் இருந்ததாம். ஒருநாள் ஒரு சின்னப் பெண் உள்ளே மாட்டிக்கொண்டு, கதவை உடைத்துத்தான் எடுத்தார்களாம். அந்தப் பெண்ணின் அப்பா வந்து பள்ளியையே இரண்டாக்கிவிட்டுப் போனாராம். அன்றைக்கே எல்லாவற்றையும் கழற்றச் சொன்னது மேடம்தான்.

“இப்ப சொல்லு. உன்னோட சிலகா மாட்டிக்காதா?”

“மாட்டிக்காத மாதிரி செய்யறதுதான் மேடம் ப்ராஜெக்ட்டு.”

மேடம் என்னையும் அட்டைத் தாழ்ப்பாளையும் மாறி மாறிப் பார்த்தார். “ஒரே ஒரு கதவு. எவளாவது மாட்டிக்கிட்டா அன்னிக்கே கழட்டிடுவேன். அப்புறம் இந்தப் பேச்சே எடுக்கக்கூடாது.”

அந்தத் தாழ்ப்பாளை நான் வடிவமைத்த விதத்தைப் பற்றி இன்றும் எனக்குத் திருப்திதான். கடைத் தாழ்ப்பாளின் முனை சின்னது, ஈரக் கையில் வழுக்கும். அதனால் என்னுடையதற்கு எலுமிச்சை அளவில் ஒரு குமிழ் வைத்தேன். துப்பட்டாவை எடுத்துவிட்டு அந்த 3டி பிரிண்டரில் அச்சிட்ட குமிழ். முதல் வகுப்புப் பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்து அவர்கள் தோள் உயரத்தை அளந்து, அந்த உயரத்தில் பொருத்த முடிவு செய்தேன். லேப்பில் ஒரு ப்ளைவுட் பலகையில் மாட்டி, பள்ளியிலேயே மிகச் சின்னப் பெண்ணைக் கூப்பிட்டுத் திறந்து மூடச் சொன்னோம். ஒரு விரலால் தள்ளினாள். மிஸ் ‘ம்’ என்றார். அவரிடமிருந்து அது பெரிய பாராட்டு.

ட்ரில் போட்டு நானே கதவில் மாட்டினேன். முதல் சில நாட்கள் அந்த ஒரு கதவுக்கு மட்டும் வரிசை நின்றது. மற்றக் கதவுகளைச் சீண்ட ஆளில்லை. எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

அப்புறம் ஒருநாள், இன்டர்வெல் முடியும் நேரம், மைதானத்தில் கூச்சல். அந்தக் கதவுக்குள் ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி ‘தெறக்கல, தெறக்கல’ என்று அழுதுகொண்டிருந்தாள். வெளியே அவள் தோழியும் அழுதுகொண்டிருந்தாள். கழிப்பறையையும் வகுப்பறைகளையும் பார்த்துக்கொள்ளும் ஆயம்மா ஓடி வந்து, தோழியை விலக்கிவிட்டு, தோளால் ஒரு இடி இடித்தது. தாழ்ப்பாள் திருகாணிகளோடு பிய்ந்துகொண்டு வந்தது. உள்ளேயிருந்த பெண் பத்திரமாக வெளியே வந்தாள். குமிழ் மட்டும் மைதானம் வரை உருண்டுபோய்க் கிடந்தது.

“சாக்கு,” என்றார் ஹெச்.எம். மேடம். போதும் என்று அர்த்தம். கன்னடத்தில் சொன்னார்.

அன்று மாலை லேப்பில் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தேன். மிஸ் ஆறுதல் சொல்லவில்லை. பிய்ந்த தாழ்ப்பாளை எடுத்து என் முன்னால் வைத்தார்.

“எங்க தேஞ்சிருக்கு, பாரு.”

பார்த்தேன். தண்டின் ஒரு பக்கத்தில் மட்டும் ஆழமான கீறல்கள். மறுபக்கம் புதிதாகவே இருந்தது.

“மழைல கதவு ஊதியிருக்கும் மிஸ்.”

“ஊதினா ரெண்டு பக்கமும் உரசும். ஒரே பக்கம்னா யாரோ ஒரு பக்கமா இழுக்கறாங்க. யாரு?”

எங்களுக்குத் தெரியவில்லை. பள்ளி விட்டபின் யாரும் இல்லாத நேரத்தில் ஒரே ஒரு தடவை மாட்டிப் பார்க்க மிஸ் போய் அனுமதி வாங்கி வந்தார். புதுத் திருகாணி போட்டு மாட்டினேன். நான் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டேன். திறந்தேன், திறந்தது. மறுபடி போட்டேன், திறந்தது. மூன்றாவது தடவை அசையவில்லை. இரண்டு கையாலும் தள்ளினேன். அசையவில்லை.

“ஏய், மாட்டிக்கிச்சுடி!” என்று கத்தினேன்.

“பயப்படாதடி, நான் இருக்கேன்!” வெளியிலிருந்து தோழி.

“நீ என்னடி பண்ற அங்க?”

“புடிச்சிக்கிட்டு இருக்கேன்.”

“எதை?”

“கயிறை.”

“எதுக்குடி புடிக்கிற? உள்ளதான் தாழ்ப்பா இருக்கே!”

பிறகு மெதுவாக ஒரு குரல். “தெரியல. கை போயிடுச்சு.”

அவள் கயிற்றை விட்டாள். தாழ்ப்பாள் ஒரு விரலில் நகர்ந்தது.

அவ்வளவுதான் விஷயம். கதவு வந்து முட்டி நிற்க வேண்டிய நிலைச்சட்டத்தின் விளிம்பு உளுத்துப்போயிருந்தது. அதனால் வெளியே ஒருத்தி கயிற்றை இழுத்தால், அந்த இழுப்பு முழுவதையும் தாழ்ப்பாளின் தண்டுதான் தாங்கும். இறுகிக்கொள்ளும். பெரிய பெண்கள் பலமாகத் தள்ளித் திறந்துவிட்டார்கள். சின்னப் பெண்ணால் முடியவில்லை. அவள் உள்ளே அழ அழ, வெளியே நின்றவள் பயந்துபோய் இன்னும் இறுக்கிப் பிடித்திருக்கிறாள். உயரம், ஈரக் கை, விரல் பலம் எல்லாவற்றையும் அளந்த நான், வெளியே நிற்கிறவளைக் கணக்கில் சேர்க்கவில்லை. தாழ்ப்பாள் வந்துவிட்டால் அவள் போய்விடுவாள் என்று நினைத்துக்கொண்டேன். அவள் போகவில்லை.

மறுநாள் மிஸ் ஹெச்.எம். மேடத்தைக் கழிப்பறைக்கே அழைத்து வந்துவிட்டார். “மேடம், நீங்களே ஒரு தடவை உள்ள போய்ப் பாத்துடுங்க.” மேடம் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார். தோழியை எப்போதும் போலக் கயிற்றைப் பிடிக்கச் சொன்னோம். உள்ளே ‘டக்’ என்று தாழ்ப்பாள் விழுந்தது. அப்புறம் முனகல். அப்புறம் கதவில் தட்டல்.

“யாரு புடிக்கறது வெளியில? கை தெகி! ஏய், கை தெகி!”

கையை எடு என்கிறார். கன்னடத்தில். தோழி பயத்தில் இன்னும் இறுக்கிப் பிடித்தாள். நான் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தேன். மேடம் வேர்த்துப்போய் வெளியே வந்தார். கயிற்றைப் பார்த்தார், தோழியைப் பார்த்தார். ஆயம்மாதான் முதலில் சிரித்தது. அப்புறம் மேடமும் சிரித்துவிட்டார்.

“சரி. இவங்க கைய எப்படி எடுக்கப்போறே?” என்று தமிழில் கேட்டார். அதுதான் அனுமதி.

‘கயிற்றைப் பிடிக்காதீர்கள்’ என்று கன்னடத்தில் எழுதி ஒட்டினோம். யாரும் படிக்கவில்லை, படித்தவர்களும் படித்துக்கொண்டே பிடித்தார்கள். கயிற்றை அவிழ்த்துவிட்டோம். ஓட்டைக்குள் விரல் விட்டுப் பிடித்தார்கள். ஏன் என்று ஒருத்தியைக் கேட்டேன். “உள்ள சரியா போட்டாளா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்?” என்றாள். அவள் கேட்டது நியாயம். தாழ்ப்பாள் உள்ளே இருக்கிறவளுக்கு மட்டும்தான் தெரிந்தது.

அந்தச் சமயம் தசரா விடுமுறை. ஜோலார்பேட்டையில் சித்தப்பா குழந்தைக்குக் காதுகுத்து. குடும்பத்தோடு ரயிலில் போனோம். ரயில் கழிப்பறையில் ஒரு கிழவர் உள்ளே போய் வெகுநேரம் வரவில்லை என்று அவர் மகள் பதறினாள். பெட்டியில் வேலை செய்கிற ஆள் வந்து, பாக்கெட்டிலிருந்து ஒரு சின்னச் சாவியை எடுத்து வெளியிலிருந்தே திறந்தார். கிழவர் நிதானமாக முகம் கழுவிக்கொண்டிருந்தார். எல்லோரும் கிழவரைப் பார்த்துக்கொண்டிருக்க, நான் அந்தப் பூட்டைக் குனிந்து பார்த்தேன். அம்மா முதுகில் ஒன்று வைத்தாள். “எங்க வந்து என்னடி பாக்கற?”

விடுமுறை முடிந்து வந்ததும் வேறு தாழ்ப்பாள் வரைந்தேன். கயிறு இருந்த ஓட்டைக்குள் ஒரு வட்டத் தட்டு. பாதி சிவப்பு, பாதி பச்சை. உள்ளே தாழ்ப்பாள் போட்டால் வெளியே சிவப்பு தெரியும், எடுத்தால் பச்சை. தட்டின் நடுவில் மூன்று மூலையுள்ள ஒரு சின்னக் குழி. அதில் பொருந்தும் சாவியை வைத்துத் திருகினால் வெளியிலிருந்தும் திறக்கலாம். விரல் விட இடமில்லை, பிடிக்க எதுவும் இல்லை. அச்சிட்ட முதல் சாவி திருகும்போதே முறிந்தது. அடுத்ததைத் தடிமனாக அச்சிட்டேன். நிலைச்சட்டத்துக்குப் புது விளிம்பும் அடித்தேன். சாவியை ஆயம்மா தன் வீட்டுச் சாவியோடு கோத்து இடுப்பில் செருகிக்கொண்டது. “இனிமே நான்தான்டி உங்களுக்கெல்லாம் ஸ்டேஷன் மாஸ்டர்” என்று மைதானம் கேட்கச் சொன்னது.

அப்போதும் பெண்கள் ஜோடியாகத்தான் வந்தார்கள். வெளியே நிற்கிறவள் கையை என்ன செய்வது என்று தெரியாமல் சிவப்பையே பார்த்துக்கொண்டு நிற்பாள். பிறகு சுவரில் சாய்ந்துகொண்டாள். பிறகு சிலர் தனியாக வரத் தொடங்கினார்கள். ஒருநாள் தோழி என்னிடம் எதுவும் சொல்லாமல் தனியாகப் போய்விட்டு வந்தாள். எனக்குக் கொஞ்சம் ஒரு மாதிரிதான் இருந்தது. கதவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நாங்கள் பேசாத பேச்சில்லை. அதைக் கேட்டதற்கு, “பேசறதுக்கு வேற எடமா இல்ல?” என்றாள்.

பள்ளிகளுக்கு இடையிலான கண்காட்சிக்குக் குப்பைத் தொட்டி போயிற்று. கழிப்பறைக் கதவை மேடையில் எப்படி வைப்பது என்று மேடம் தயங்கினார். குப்பைத் தொட்டிக்கு ஒரு கோப்பை கிடைத்தது. இப்போது அது அலுவலக அறையில் பேட்டரி தீர்ந்து நிற்கிறது, மூடியைக் கையால்தான் திறக்கிறார்கள். பத்தாம் வகுப்பு முடிவதற்குள் நானும் தோழியும் மிச்சமிருந்த கதவுகள் எல்லாவற்றிலும் தாழ்ப்பாள் போட்டு முடித்தோம்.

தேர்வு முடிவு வந்து டி.சி. வாங்கப் போன அன்று அக்கா லீவு போட்டுக் கூட வந்தாள். ஆபீஸ் வேலை முடிந்ததும், “எங்க, காட்டு” என்றாள். உள்ளே போனாள். பச்சை சிவப்பானது. மறுபடி பச்சை. மறுபடி சிவப்பு. டக், டக் என்று உள்ளே போட்டுப் போட்டு எடுத்துக்கொண்டிருந்தாள். நான் மைதானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வெளியே வந்து துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டாள். “கணக்கு இப்பவும் வராதுதான்,” என்றாள். அப்புறம் இருவரும் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தோம்.

இப்போது நான் ஒரு பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமோ முதல் வருடம். வகுப்பில் பெண்கள் விரல் விட்டு எண்ணும் அளவுதான். ஒர்க்ஷாப் கட்டடத்தில் பெண்களுக்கென்று ஒரு கழிப்பறை உண்டு. ஆனால் பெண்கள் யாரும் சேராத காலத்தில் அதை உடைந்த டிராயிங் போர்டுகள் போட்டு வைக்கும் அறையாக்கிவிட்டார்கள். நாங்கள் மெயின் கட்டடம் வரை நடந்துபோய் வர வேண்டும். “பொண்ணுங்க நாலு பேருக்காக அதைப் போய்த் தெறக்கணுமா?” என்றார் ஒர்க்ஷாப் சார். சாவியை மட்டும் கொடுங்கள் சார் என்று வாங்கிக்கொண்டேன். போன சனிக்கிழமை எல்லோரும் சேர்ந்து டிராயிங் போர்டுகளை ஸ்டோருக்கு மாற்றினோம். குழாயில் தண்ணீர் வருகிறது. கதவையும் நிலையையும் அளந்துவிட்டேன். உள்பக்கமாகத்தான் திறக்கிறது.